கட்டையைத் தொட்டு பாத்துட்டு காசு குடுங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "வீட்டுல பியானோ பழக என்ன கீபோர்டு வாங்கலாம், கேளுங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டதுக்கு இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. பாதிக்கு மேல தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர்னு நம்ம பக்கத்து ஆளுங்க தான். நானும் ராயபுரத்துக்காரன், சர்ச்ல ஆர்கன் கட்டையில (விரலால அமுக்குற கீயைத் தான் கட்டைன்னு சொல்றேன்) ஆரம்பிச்சு லைட் மியூசிக்ல வாசிச்சு இப்போ வீட்டு மாடியில புள்ளைங்களுக்கு சொல்லித் தரேன், அதனால தெரிஞ்சதை தெரிஞ்ச மாதிரியே சொல்றேன். ஒரே கேள்விய பத்து பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

அண்ணா, என் பொண்ணு 3வது படிக்கிறா. பியானோ கிளாஸ் சேத்து விட்டோம், மிஸ் வீட்டுல ஒண்ணு வாங்கி வைங்கன்னு சொல்லிட்டாங்க. ஆன்லைன்ல பாத்தா 3 ஆயிரத்துக்கும் இருக்கு, 60 ஆயிரத்துக்கும் இருக்கு. 3 ஆயிரம் சொச்சத்துல 400 டோன், மைக்கு ஃப்ரீன்னு போட்டிருக்கான். வாங்கலாமா?
- ஒரு அம்மா, தண்டையார்பேட்டை

வேணாம் மா. அது விளையாட்டு சாமான், தேரடி திருவிழா கடையில விக்கிற பொம்மைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

டோன் (எந்த வாத்தியத்தோட சத்தம்கிறது) எத்தனை, ரிதம் (தானா ஓடுற தாளம்) எத்தனைன்னு அட்டைப்பெட்டி மேல பெருசா போடுவான். பியானோ கத்துக்கிற புள்ளைக்கு வேண்டியது ஒரே ஒரு டோன், அது பியானோ டோன், மீதி 399ம் முதல் வாரம் அமுக்கி அமுக்கி சிரிக்கிறதுக்குத் தான், அப்புறம் யாரும் அந்த பக்கம் போக மாட்டாங்க. கடையில நீங்க கேக்க வேண்டியது "டச் இருக்கா?"ன்னு தான். பெட்டியில டச் ரெஸ்பான்ஸ்னு போட்டிருக்கும். கட்டையை மெதுவா இறக்கினா சத்தம் மெதுவா வரணும், வேகமா இறக்கினா பெருசா வரணும். 1700 வாக்குல இத்தாலியில கிறிஸ்டோஃபோரின்னு ஒருத்தர் இந்த வாத்தியத்தை செஞ்சப்போ இது தான் அதுல புதுசு, அதுக்கு முன்னாடி இருந்த ஹார்ப்சிகார்டுல எப்படி அடிச்சாலும் ஒரே சத்தம் தான், அதனால தான் மெதுவாவும் சத்தமாவும் வாசிக்கிறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி பியானோ ஃபோர்ட்டேன்னு பேரே வந்துச்சு. டச் இல்லாத பொட்டியில ஒரு வருசம் பழகின புள்ளைங்க என்கிட்ட வந்திருக்காங்க, எல்லா நோட்டையும் ஆணி அடிக்கிற மாதிரி அடிக்கும், அதை மாத்த இன்னொரு வருசம் ஆகுது.

பெரிய கம்பெனி பேரு இருந்தாலே டச் இருக்கும்னு நெனச்சிடாதீங்க. யமஹாவுல பிஎஸ்ஆர் எஃப்52, இ273 ரெண்டுலயும் டச் கிடையாது, இ373ல உண்டு. கேசியோவுல சிடி எஸ்100, எஸ்200ல கிடையாது, எஸ்300ல உண்டு. வெளிய பாத்தா எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணா தான் இருக்கும். விலையில சில ஆயிரம் தான் வித்தியாசம், ஆனா அந்த சில ஆயிரம் தான் முக்கியம், டச் உள்ள 61 கட்டை வேணும்னா 15 ஆயிரத்துல இருந்து 20 ஆயிரம் வரைக்கும் எடுத்து வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற 15 சென்டிமீட்டர் ஸ்கேலை கடைக்கு எடுத்துட்டு போங்க. நிஜ பியானோவுல ஏழு வெள்ளைக் கட்டை சேந்தா பதினாறரை சென்டிமீட்டர் வரும், அதாவது உங்க ஸ்கேலைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளிய நிக்கணும். ஸ்கேலுக்குள்ளயே ஏழும் அடங்கிடுச்சுன்னா அது மினி கீ, கையில எடுக்காதீங்க. சின்ன புள்ளை தானே சின்ன கட்டை போதும்னு கடையில சொல்வாங்க, நாளைக்கு கிளாஸ்ல பெரிய கட்டையில உக்காந்தா விரல் எல்லாம் தப்பு தப்பா விழும்.

சார், நான் விம்கோ நகர்ல இருக்கேன், ஐ.டி. வேலை. பியானோவே தான் கத்துக்கணும், கிரேடு எக்ஸாமும் எழுதணும்னு ஆசை. வீடு சின்னது, ஹால் 10க்கு 10 தான். 61ஆ 88ஆ?
- திருவொற்றியூர் வாசகர்

நீங்களே பதிலை சொல்லிட்டீங்க தம்பி, பியானோவே தான்னு. அப்போ 88, அதுவும் வெயிட்டட்.

இடத்துக்கு பயப்படாதீங்க. 61 கட்டை மூணு அடி சொச்சம் நீளம், 88 கட்டை கிட்டத்தட்ட நாலே கால் அடி. கேசியோவோட சிடிபி எஸ்110 மாதிரி ஒல்லி மாடல்ல முன்ன பின்ன அகலம் 23 சென்டிமீட்டர் தான், எடை பத்தரை கிலோ, செவுத்து ஓரமா ஷூ ரேக்குக்கு மேல இருக்கிற இடம் போதும். வேலை முடிஞ்சா தூக்கி பீரோ சந்துல நிமித்தி வெச்சிடலாம், அப்படி வெச்சா சாயாம கட்டி வைங்க.

வெயிட்டட்னா என்னன்னு நெறைய பேர் கேட்டிருக்கீங்க. நிஜ பியானோவுல கட்டையை அமுக்கினா உள்ள ஒரு சுத்தி எகிறிப் போய் கம்பியை அடிச்சுட்டு திரும்ப விழுது, அந்த சுத்தியோட கனம் தான் விரலுக்குத் தெரியுது. ஒரு கட்டை இறங்க சுமாரா 50 கிராம் வேணும், இடது பக்கம் கனம் ஜாஸ்தி, வலது பக்கம் போகப் போக லேசு. டிஜிட்டல் பியானோவுல கம்பி இல்ல, ஆனா அந்த கனத்துக்கு சின்ன சின்ன சுத்தியை உள்ள வெச்சிருப்பான். சாதா கீபோர்டுல இருக்கிறது ஸ்ப்ரிங், பேனா மூடி அமுக்குற மாதிரி டொக்குனு இறங்கி டொக்குனு ஏறும். ஸ்ப்ரிங்லயே பழகின விரலை ஒரு நாள் நிஜ பியானோவுல வெச்சா பத்து நிமிசத்துல முன்னங்கை வலிக்க ஆரம்பிச்சிடும்.

இங்க தான் ஆன்லைன்ல டபாய்க்கிறது. 88 கட்டைன்னு போட்டிருக்கும், விலையும் கம்மியா இருக்கும், நாமளும் சந்தோசமா ஆர்டர் போட்டுடுவோம், பெட்டியைப் பிரிச்சா உள்ள வெறும் ஸ்ப்ரிங். செமி வெயிட்டட்னு போட்டிருந்தாலும் கொஞ்சம் கனமான ஸ்ப்ரிங்னு தான் அர்த்தம். ஹேமர் ஆக்‌ஷன்னு, அதாவது உள்ள சுத்தி வெச்சதுன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. யமஹா பி45 இருந்துச்சு, 2023ல அதுக்கு பதிலா பி145 வந்திருக்கு, கேசியோ சிடிபி எஸ்110, ரோலண்ட் எஃப்பி10, ஆரம்பத்துக்கு இந்த வரிசை போதும். 35 - 40 ஆயிரத்துல இருந்து ஆரம்பிக்கும், எஃப்பி10 இன்னும் மேல போகும் ஆனா எனக்கு கேட்டா கட்டை அதுல தான் சோக்கா இருக்கும். பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்துல எத்தனை நோட்டு ஒலிக்கும்கிறது, 64ஆ 96ஆன்னு மண்டையை ஒடச்சுக்காதீங்க, முதல் மூணு வருசம் 64 தாராளம்.

எக்ஸாம் பத்தி ஒரு விசயம். கிரேடு எக்ஸாம் நடத்துற லண்டன் டிரினிட்டி காலேஜ்ல பியானோவுக்கு தனி சிலபஸ், எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு தனி சிலபஸ், ரெண்டுலயும் இனிஷியல்ல இருந்து 8வது கிரேடு வரைக்கும் இருக்கு. கீபோர்டுல ரிதம் போட்டு இடது கையில கார்டு (சில நோட்டை ஒண்ணா சேத்து அமுக்குறது) புடிச்சு வாசிக்கணும், பியானோவுல ரெண்டு கையும் தனித்தனியா வேலை செய்யணும். ஒரு கிளாஸ்ல சேத்துட்டு இன்னொண்ணுக்கான பொட்டிய வாங்கிட்டு அப்புறம் அழுத பேரன்ட்ஸ் எனக்கே நாலு பேர் தெரியும். எதுக்கு சேந்திருக்கோம்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டு கடைக்கு கிளம்புங்க.

கடைக்குன்னு சொன்னேன், ஆன்லைனுக்கு இல்ல. வண்ணாரப்பேட்டையில மெட்ரோ ஏறினா மவுண்ட் ரோடு எவ்ளோ தூரம். மியூசி மியூசிக்கல் 1842ல இருந்து இருக்கிற கடை, நிஜ பியானோவும் டிஜிட்டலும் பக்கத்துல பக்கத்துல அமுக்கிப் பாக்கலாம், வாங்கலைன்னாலும் போய் ஒரு தபா அமுக்கிட்டு வாங்க.

அண்ணே, செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? 6 ஆயிரத்துக்கு ஒருத்தர் தரேன்னு சொல்றாரு.
- காசிமேடு வாசகர்

வாங்கலாம், ஆனா நான் வாங்கின மாதிரி வாங்காதீங்க.

ரொம்ப வருசம் முன்னாடி ஒரு கடையில, பேரு எதுக்கு, சாயங்காலம் கூட்டத்துல ஒண்ணைப் பாத்தேன். கடைக்காரர் ஆன் பண்ணி டெமோ பாட்டைப் போட்டு சவுண்டை ஏத்தி விட்டாரு, எனக்கு மெர்சலாயிடுச்சு, நாலு கார்டு புடிச்சு பாத்துட்டு காசை எண்ணிக் குடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து மெதுவா ஒரு தாலாட்டு வாசிக்கிறேன், எல்லா கட்டையும் ஒழுங்கா பேசுது, நடுவுல ஒரு கறுப்புக் கட்டை மட்டும் தொட்ட ஒடனே மீன் ஏலம் விடுற மாதிரி கத்துது. தூங்கிட்டு இருந்த புள்ளை எழுந்து அழுவுது.

திருப்பி கேட்டதுக்கு "வித்த மால் வித்தது தான்"ன்னுட்டாரு. சரின்னு ஸ்க்ரூவை எல்லாம் கழட்டி தொறந்தேன். கட்டைக்கு அடியில நீளமா ரப்பர் பட்டை இருக்கும், அதுல கட்டைக்கு ஒரு குமிழ், குமிழுக்குள்ள ரெண்டு கருப்பு புள்ளி. கட்டை இறங்கும்போது ஒரு புள்ளி முதல்ல தொடும், இன்னொண்ணு துளி லேட்டா தொடும், ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் ஆச்சுன்னு சிப்பு அளந்து தான் சத்தம் எவ்ளோன்னு முடிவு பண்ணுது. டச்சுன்னு சொல்றோமே, அது இவ்ளோ தான், அழுத்தத்தைப் பாக்கல, வேகத்தைப் பாக்குது. என்னோடதுல அந்த ஒரு குமிழுக்குள்ள எறும்பு குடும்பம் நடத்தியிருக்கு, வெள்ளையா முட்டை. ஸ்பிரிட் தொட்ட பட்ஸ்ல லேசா தொடைச்சு காய விட்டு மூடினேன், ஒரு நாள் பொழப்பு போச்சு, ஆனா கத்துறது நின்னுடுச்சு.

அதனால பகல்ல போங்க. டெமோ பாட்டை நிறுத்தச் சொல்லுங்க. ஹெட்போன் எடுத்துட்டு போய் மாட்டி, 61 கட்டையையும் ஒண்ணு விடாம, கறுப்பு வெள்ளை எல்லாம், மெதுவா ஒரு தபா வேகமா ஒரு தபா அமுக்குங்க, அஞ்சு நிமிசம் ஆகும், விக்கிறவர் முறைப்பாரு, முறைக்கட்டும். அப்புறம் கவுத்துப் போட்டு பேட்டரி மூடியைத் தொறங்க. பச்சையா பூத்திருந்தா பேட்டரி கசிஞ்சிருக்கு. சேறு கோடு மாதிரி இருந்தாலோ ஸ்க்ரூ தலை எல்லாம் துருவா இருந்தாலோ வெச்சிட்டு வந்துடுங்க, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல நம்ம பக்கம் எத்தனை வீட்டுல தண்ணி ஏறிச்சுன்னு உங்களுக்கு சொல்லணுமா. நம்ம ஏரியா உப்புக் காத்துக்கு ஹெட்போன் ஓட்டை, அடாப்டர் ஓட்டை ரெண்டும் சீக்கிரம் கறுத்துடும், பின்னை மாட்டி லேசா ஆட்டினா கரகரங்கும், அதையும் பாத்துடுங்க.

அடாப்டர் கூடவே தர்றாரான்னு கேளுங்க, இல்லைன்னா வீட்டுல கிடக்கிற எதையாவது சொருகாதீங்க. யமஹா நெறைய மாடலுக்கு 12 வோல்ட், நடு முள் ப்ளஸ். பழைய கேசியோவுக்கு 9 வோல்ட், நடு முள் மைனஸ். முள் ஒண்ணு போலவே உள்ள போகும், பொட்டி தான் போயிடும்.

போன்ல பியானோ ஆப் இருக்கே, அதுல பழகினா போதாதா?
- கல்லூரி மாணவர், வியாசர்பாடி

போதாது. நோட்டு பேரை மனப்பாடம் பண்ண ஆகும். கண்ணாடியை தடவுறது வேற, கட்டையை இறக்குறது வேற.

அண்ணா, நான் சர்ச் கொயர்ல வாசிக்கிறேன், ஃப்ரெண்ட்ஸோட கானா கச்சேரிக்கும் போவேன். 88 வெயிட்டட் ஒண்ணு வாங்கிட்டா ரெண்டுக்கும் ஆகுமா?
- பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

கொயருக்கு ஆகும், கானாவுக்கு ஆகாது தம்பி. ஆரம்ப விலை டிஜிட்டல் பியானோவுல பிட்ச் பெண்டு வீல் (சுருதியை வளைக்கிற சக்கரம்) இருக்காது, அது இல்லாம நாதஸ்வரம், புல்லாங்குழல் டோனை வளைச்சு நெளிச்சு எடுக்க முடியாது, டோலக்கு தபேலா ரிதமும் கிடையாது. 11 கிலோவை ஷேர் ஆட்டோவுல தூக்கிட்டு போற கொடுமை வேற.

மேடைக்கு 61 கட்டை அரேஞ்சர், அதாவது ரிதம் கூடவே ஓடுற கீபோர்டு தான். டச், பிட்ச் பெண்டு, இந்தியன் டோன், டிரான்ஸ்போஸ் (அதே கட்டையை வாசிச்சாலும் சுருதி ஏறி இறங்குற வசதி) நாலும் இருக்கான்னு பாருங்க. பாடுற அண்ணன் திடீர்னு "ஒண்ணரை கட்டைக்கு ஏத்துப்பா"ன்னு சுருதியை ஏத்தச் சொல்லி கை காட்டுவாரு, அப்போ டிரான்ஸ்போஸ் பட்டன் தேடி மெனு மெனுவா போயிட்டு இருந்தா பாட்டு முடிஞ்சிடும், பட்டன் வெளிய இருக்கிற மாடலா பாருங்க. ஆனா ஒண்ணு, டிரான்ஸ்போஸையே நம்பி எல்லா பாட்டையும் வெள்ளைக் கட்டையில வாசிச்சு பழகிட்டீங்கன்னா என்னைக்காவது நிஜ பியானோ முன்னாடி உக்காரும்போது முழிக்கணும். நான் முழிச்சிருக்கேன்.

பெடல் வாங்கி மாட்டினேன். காலை எடுத்தா சத்தம் நீளுது, அமுக்கினா நிக்குது. பெடல் கெட்டுப் போச்சா?
- பெரம்பூர் வாசகி

கெடல சிஸ்டர், தலைகீழா இருக்கு, அவ்ளோ தான். பெடலுக்குள்ள இருக்கிறது ஒரு சுவிட்சு. சில கம்பெனியில கால் வைக்காதப்போ சுவிட்சு மூடியிருக்கும், சில கம்பெனியில தொறந்திருக்கும், யமஹா ஒரு மாதிரி கேசியோ ஒரு மாதிரி. நெறைய கீபோர்டு ஆன் ஆகுற நேரத்துல பெடல் எந்த மாதிரின்னு தானே பாத்துக்கும், நீங்க கால் வெச்சுக்கிட்டே ஆன் பண்ணியிருந்தா ஏமாந்துடும். ஆஃப் பண்ணி, காலை எடுத்துட்டு, திரும்ப ஆன் பண்ணுங்க. அப்பவும் சரியாகலைன்னா பெடல் அடியில சின்ன மாத்து சுவிட்சு இருக்கான்னு பாருங்க. புதுசா வாங்குறவங்க, வழவழ தரையில வழுக்கிட்டு போற சதுர பெடல் வேணாம், பியானோ பெடல் மாதிரி நீட்டு நாக்கு வெச்சது வாங்குங்க, அடியில ரப்பர் இருக்கணும்.

எங்க பக்கத்து பழைய வீட்டை இடிக்கப் போறாங்க. உள்ள ஒரு நிஜ பியானோ, செவுத்தோட நிக்கிற டைப், யார் வேணா எடுத்துக்கோங்கன்னு சொல்றாங்க. நான் ரெண்டாவது மாடி. எடுக்கட்டுமா?
- ரிட்டயர்டு ரயில்வே ஊழியர், பெரம்பூர்

சார், இந்த லெட்டரைப் படிச்சப்போ எனக்கு ஒரு நிமிசம் அங்க ஓடி வந்துடலாமான்னு இருந்துச்சு. ரயில்வே காலனி, ஆங்கிலோ இந்தியன் வீடுங்கன்னு பெரம்பூர் பக்கம் ஒரு காலத்துல பியானோ சத்தம் கேக்காத கிறிஸ்துமஸ் கிடையாது.

ஆனா ஓசின்னு சொல்றாங்களேன்னு எடுத்துடாதீங்க. அப்ரைட் பியானோ சாதாரணமா 200 கிலோ இருக்கும், ரெண்டாவது மாடிக்கு குறுகல் படியில ஏத்துறதுக்கு ஆளு கூலியே நல்ல கீபோர்டு விலைக்கு வந்து நிக்கும். உள்ள 200க்கு மேல கம்பி, எல்லாம் சேத்து டன் கணக்குல இழுத்துட்டு நிக்குது. அந்த கம்பியைப் புடிச்சிருக்கிற முளைங்க மரப் பலகையில இறுகி நிக்கணும், நம்ம ஊரு ஈரத்துலயும் வெயில்லயும் மரம் உப்பி சுருங்கி உப்பி சுருங்கி ஓட்டை தளர்ந்து போயிருந்தா எத்தனை தபா ட்யூன் பண்ணாலும் ஒரு வாரத்துல இறங்கிடும். மேல் மூடியைத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. கம்பி சிவப்பா துரு, அடியில மரத்தூள் மாதிரி கரையான் மண், சுத்தியில இருக்கிற கம்பளியில பூச்சி அரிச்ச ஓட்டை, இதுல ரெண்டு இருந்தாலும் வுட்டுடுங்க. எதுவும் இல்லைன்னா ஒரு ட்யூனரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, அவருக்கு குடுக்கிற காசு தண்டம் இல்ல. வீட்டுக்கு வந்துட்டா வருசத்துக்கு ரெண்டு தபாவாவது ட்யூன் பண்ணணும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

எடுக்கலைன்னாலும் இடிக்கிறதுக்கு முன்னாடி போய் ஒரு தபா வாசிச்சுட்டு வாங்க சார். முடிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க.

வீட்டுக்காரர் நைட் ஷிப்ட், பகல்ல தூங்குவாரு. சத்தம் இல்லாம பழக ப்ளூடூத் ஹெட்போன் போடலாமா?
- கொருக்குப்பேட்டை வாசகி

ஹெட்போன் போடுங்க, ப்ளூடூத் வேணாம். கட்டையை அமுக்கினதுக்கும் காதுல கேக்குறதுக்கும் நடுவுல லேட்டாகும், பாட்டு கேக்கும்போது அது தெரியாது, வாசிக்கும்போது பைத்தியம் புடிக்கும். ஒயர் வெச்சது தான் சரி. சில பொட்டியில ஹெட்போன் ஓட்டை பெருசா இருக்கும், அதுக்கு 30 - 40 ரூபாயில மாத்து பின் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும்.

காதுல மாட்டிட்டா சத்தமே வராதுன்னு நெனைக்காதீங்க, கட்டை இறங்குற டொக் டொக் கேக்கும், வெயிட்டட்னா கீழ் வீட்டு சீலிங்குக்கும் கேக்கும். ஸ்டாண்டு காலுக்கு அடியில பழைய மிதியடியை மடிச்சுப் போடுங்க.

வயசு 58. ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டயர் ஆயிட்டேன். விரல் எல்லாம் காய்ச்சுப் போய் கிடக்கு. இனிமே பியானோ வருமா? வரும்னா எதை வாங்குறது?
- ராயபுரம் வாசகர்

வரும் நைனா. என்கிட்ட உங்க வயசுல ரெண்டு பேர் வர்றாங்க, ஒருத்தருக்கு சுண்டு விரல் சரியா மடங்காது, அந்த விரலை விட்டுட்டே வாசிக்கிறாரு, கேக்க நல்லா தான் இருக்கு. உங்களுக்கு வெயிட்டட் இப்போ வேணாம், விரல் முட்டி வலிச்சா ரெண்டாவது வாரமே மூடி வெச்சிடுவீங்க. டச் உள்ள 61ல ஆரம்பிங்க, யமஹாவுல என்பி15னு ஒண்ணு இருக்கு, டோன் பத்து பதினஞ்சு தான், பட்டன் கம்மி, கண்ணாடி போட்டுட்டு தேட வேண்டியதில்ல.

கீபோர்டை விட சேர் தான் உங்களுக்கு முக்கியம். கையை கட்டை மேல வெச்சா முழங்கை கட்டை மட்டத்துக்கு இருக்கணும், பிளாஸ்டிக் சேர் ரொம்ப தாழ்வு, கை வெச்ச சேர்னா முழங்கை இடிக்கும், கை இல்லாத மர ஸ்டூல் மேல தலகாணி மடிச்சுப் போட்டு ஒசரத்தை சரி பண்ணிக்கோங்க. ஸ்டாண்டு வாங்கும்போது கடையிலயே அதுக்கு முன்னாடி உக்காந்து பாருங்க, கால் ரெண்டும் குறுக்கே போற எக்ஸ் மாடல் விலை கம்மி தான், ஆனா ஒசரமான ஆளா இருந்தா முட்டி இடிக்கும்.